வலது மடிப்பு மேலே

கினுவைக் கொன்றது யார் என்று கேட்டால், தொடரைப் பார்த்தவர்கள் டைரக்டர் உசாமியைச் சொல்வார்கள். உசாமி, "கதை கேட்டுச்சு, கொடுத்தேன்" என்பார். கயோகோ மட்டும்தான், "நான்தான் கொன்னேன், சோம்பேறித்தனத்துல" என்பாள். அது சுத்தப் பொய். வாரக்கணக்கில் வரைமேசைக்கு அடியிலேயே தலையணை போட்டு அரைமணி மட்டும் தூங்கி எழுந்து வரைந்தவளைச் சோம்பேறி என்று சொல்ல வாய் கூச வேண்டும்.

கினு எங்கள் ஸ்டுடியோ டிவிக்காக வரைந்த ஓர் அனிமே தொடரின் நாயகி. பதினாறு வயது. நீலப் பருத்திக் கிமோனோ உடுத்தி, கையில் ஒரு விளக்கோடு படகில் தீவு தீவாகப் போய்த் தன் வீட்டைத் தேடுவாள். முதல் வாரம் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வாசலிறங்குவாள். கடைசி வாரம் வீடு வந்து சேர்ந்து "வந்துட்டேன்" என்பாள், அவள் அம்மா கதவைத் திறந்து "வா" என்பாள். கதை இவ்வளவுதான். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒவ்வொரு நாளும் நடக்கிற பேச்சு. அதையே ஒரு தொடர் முழுக்க ஏங்க வைத்து, கடைசியில் கொடுப்பதாக ஏற்பாடு.

அந்தப் பெண்ணுக்கு முகம் கொடுத்தவள் இசோபே கயோகோ. மற்றவர்கள் வரைந்து அனுப்பும் கினுக்களை எல்லாம் திருத்தி, ஒரே கினுவாக ஆக்குகிறவளும் அவள்தான். வயது நாற்பத்தாறு. புருஷன் என்றோ போய்விட்டான், போனதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. வீட்டில் ஒரே மகள், மாஹோ. கினுவின் இடது கண்ணுக்குக் கீழே இருக்கும் மச்சம் மாஹோவுடையது.

மாஹோ மூன்று வருடமாக அறையை விட்டு வெளியே வரவில்லை.

பள்ளியில் நடந்தது இது. ஒரு நாள் காலையில் வகுப்புக்குப் போனபோது அவள் மேசைமேல் ஒரு குவளையில் வெள்ளைச் செவ்வந்திப்பூ வைத்திருந்தது. வகுப்பில் யாராவது செத்துப்போனால் அவர்கள் மேசைமேல் அப்படித்தான் பூ வைப்பார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவள் பேசினால் யாருக்கும் கேட்கவில்லை. அவள் நின்ற இடத்தைக் காலியிடம் மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகளா அதுகள்? ஒரு வாரம் பொறுத்தாள். அடுத்த திங்கட்கிழமை வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்று சொல்லி, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, ஷூவைக் கழற்றி ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அதோடு சரி.

கயோகோ கெஞ்சினாள், திட்டினாள், டாக்டரைக் கூட்டிவந்தாள். பிறகு கதவுக்கு வெளியே சாப்பாட்டுத் தட்டை வைப்பதும் காலித் தட்டை எடுப்பதுமாக வாழ்க்கை ஆகிவிட்டது. தினமும் வேலையிலிருந்து திரும்பியதும் மூடிய கதவைப் பார்த்து "வந்துட்டேன்" என்பாள். பதில் வராது. வராது என்று தெரிந்தும் சொல்லுவாள்.

தொடர் ஆரம்பித்த முதல் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி ஒளிபரப்பு முடிந்ததும், கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மா."

கயோகோ சூப் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். "சொல்லுடி."

"அந்தப் பொண்ணு கண்ணுக்குக் கீழே இருக்கிற மச்சம் என்னோடதுதானே?"

"ஆமா."

"கேக்காமயே எடுத்துக்கிட்டே."

"கேட்டா கதவைத் திறந்திருப்பியாக்கும்."

உள்ளே மூக்கால் ஒரு சத்தம். சிரிப்பு மாதிரி இருந்தது. மூன்று வருடத்துக்கு அப்புறம் கேட்ட சிரிப்பு. கயோகோ அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கடைசில அவ வீடு போய்ச் சேர்ந்துடுவாளா?"

"சேர்ந்துடுவா. அந்தக் காட்சியை நான்தான் வரையப் போறேன்."

"அவங்கம்மா கதவைத் திறப்பாங்களா?"

"திறந்து, 'வா'ன்னு சொல்லுவாங்க."

பிறகு, "அவ வீட்டுக்கு வந்துட்டா நானும் வரேன். இந்தக் கதவு வரைக்கும். அதுக்கு மேல கேக்காதே" என்றாள் மாஹோ.

கயோகோ அதற்கு மேல் கேட்கவில்லை. கதவு வரைக்கும் என்பதே அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அன்றிலிருந்து கினுவின் ஒவ்வொரு கோட்டையும் பெற்ற பிள்ளைக்குத் தலைவாரி விடுகிற மாதிரி வரைந்தாள். சனிக்கிழமைதோறும் கதவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து இருவரும் பேசினார்கள். படகோட்டியின் மீசை எலி வால் மாதிரி இருக்கிறது என்று மாஹோ கிண்டலடித்தாள். அது டைரக்டர் மீசை என்று கயோகோ சொன்னாள். வேலையிலிருந்து வந்து "வந்துட்டேன்" என்றால், உள்ளேயிருந்து "ம்ம்" என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது.

இப்படி இருந்தபோதுதான் அந்தத் தப்பு நடந்தது.

ஏழாவது வாரத்துக் காட்சி. கினு படகுத்துறையில் வலப்பக்கம் பார்த்து நிற்கிறாள். எல்லாம் வரைந்து முடித்த பிறகு உசாமி வந்து, "இடப்பக்கம் பாக்கணும். அடுத்த காட்சியில படகு அந்தப் பக்கத்திலேருந்துதான் வருது" என்றார். புதிதாக வரைய நேரமில்லை. கயோகோ படத்தைக் கண்ணாடியில் காட்டுகிற மாதிரி இடம்வலமாகத் திருப்பிப் போட்டாள். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிறதுதான். திருப்பினதும் மச்சம் வலது கண்ணுக்குப் போய்விட்டது. அதை மட்டும் மறக்காமல் அழித்து இடது கண்ணுக்குக் கீழே வைத்தாள். பெற்றவள் கண்ணுக்கு மச்சம்தான் முதலில் தெரியும். கிமோனோவின் மார்பு மடிப்பை மறந்துபோனாள்.

கிமோனோவில் இடது மடிப்பு மேலே வர வேண்டும். வலது மடிப்பு மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துகிற முறை. நர்சரிப் பிள்ளைக்கும் இது தெரியும். அப்படிப்பட்ட ஊரில், அந்தப் படம் திரைக்குப் போகுமுன் எத்தனையோ பேர் பார்த்தார்கள். தூக்கக் கலக்கத்தில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பார்த்தவர்கள் கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் இணையம் முழுக்க ஒரே பேச்சு: கினு உயிரோடு இல்லை, அவள் முதலிலிருந்தே செத்தவள்.

அதற்கு அவர்கள் சேர்த்த ஆதாரங்களைப் பார்த்தால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாது. கினு இதுவரை ஒரு வாய் சோறு சாப்பிடவில்லையாம். சாப்பிடுகிற காட்சியை வரைவது மகா கஷ்டம் என்று கதை எழுதினவரே அதைத் தவிர்த்திருந்தார். சந்தையில் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லையாம். அத்தனை தலையையும் அசைக்க ஆள் ஏது? மூன்றாம் வாரம் அவளுக்கு நிழல் விழவில்லையாம். நிழல் போடுகிறவருக்குக் காய்ச்சல். துறையோரம் சிவப்புச் சுடுகாட்டுப் பூ பூத்திருக்கிறதாம். பின்னணி வரைந்தவர் தன் மாமியார் ஊர்ப் போட்டோவைப் பார்த்து வரைந்தார், அவ்வளவுதான். எங்கள் அவசரமும் கஞ்சத்தனமும் ஒரே இரவில் கவித்துவம் ஆகிவிட்டன.

கயோகோவுக்கு இதெல்லாம் திங்கட்கிழமை ஸ்டுடியோவுக்குப் போன பிறகுதான் தெரியும். அதற்கு முன் தெரிந்தது ஒன்றே ஒன்று: சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்த பிறகு மாஹோ பேசவில்லை. தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது.

விஷயம் தெரிந்ததும் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். கதவில் வாயை வைத்துச் சொன்னாள்: "மாஹோ, அது தப்புடி. படத்தைத் திருப்பிப் போட்டேன், மடிப்பை மாத்த மறந்துட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

"மச்சத்தை மட்டும் மாத்தத் தெரிஞ்சுதா?" என்றது உள்ளேயிருந்து குரல்.

"அது என் கண்ணு முன்னாலேயே இருக்கிற மச்சம்டி."

"தப்புன்னா திருத்திப் போடுவாங்கல்ல? நெட்ல மாத்திப் போடுவாங்கல்ல? போடட்டும், பாக்கறேன்." கொஞ்சம் விட்டு, "அவங்க பூ வெச்சாங்க. நீ மடிப்பை மாத்திட்டே" என்றாள்.

மறுநாள் கயோகோ உசாமியிடம் போய் நின்றாள். கூடவே பணம் போட்டவர்கள் சார்பில் தயாரிப்பைக் கவனிக்கும் நிஷிகோரி அம்மாளும் இருந்தாள்.

"டைரக்டரே, அது என் தப்பு. ஒரு மணி நேரம் கொடுங்க, சரி பண்ணிடறேன். நெட்ல மாத்திப் போட்டுடலாம்."

"தெரியும்" என்றார் உசாமி.

"என்ன தெரியும்?"

"தப்புன்னு தெரியும். இருபது வருஷமா உன் கோட்டைப் பாக்கறவன் நான். ஆனா வெளிய மூச்சு விடாதே. நீ வாயைத் திறந்தா அது தப்பு. மூடிக்கிட்டா அது குறியீடு."

நிஷிகோரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "செத்துப்போன பொண்ணு, தான் செத்தது தெரியாம வீட்டைத் தேடிக்கிட்டு அலையுது. சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்குது பாருங்க. கடைசி வாரத்தை அப்படியே மாத்திடலாம். வீட்டுக்கு வர்றா, 'வந்துட்டேன்'ங்கறா. அம்மாவுக்குக் கேக்கல. உள்ளே அவ போட்டோவுக்கு முன்னால ஊதுவத்தி எரியுது. கினு தன் மடிப்பைப் பாக்கறா. அதோட முடிச்சிடலாம்."

"அம்மா 'வா'ன்னு சொல்றது?" என்றாள் கயோகோ.

"எடுத்துடலாம். பதில் வந்தா கதை செத்துடும்" என்றார் உசாமி.

"என் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கா, டைரக்டரே."

"எல்லார் வீட்டுப் பொண்ணும்தான் பாக்குது, கயோகோ. அதுக்காகத்தானே எடுக்கறோம்."

அந்த ஆளைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. மாஹோ பிறந்தபோது முதல் ஆளாக வந்து பார்த்தவர். ஆனால் தன் படம் என்று வந்துவிட்டால் அவருக்குக் கண் தெரியாது, காது கேட்காது. அந்த வாரமே ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். எங்கள் தொடரில் எதுவும் தற்செயல் இல்லை என்றார். மாஹோ அதைப் படித்தாள்.

வீட்டில் கயோகோ ஒரு காரியம் செய்தாள். அந்தப் படத்தையே பழைய மெல்லிய வரைதாளில் புதிதாகப் பென்சிலால் வரைந்தாள். இடது மடிப்பு மேலே, பிசகில்லாமல். அதைக் கதவுக்கு அடியில் உள்ளே தள்ளினாள்.

"இதுதான் நெசம். இதைத்தான் நான் வரைஞ்சேன்."

தாள் சரசரத்தது. சற்றுக் கழித்து அதே இடுக்கு வழியாகத் திரும்பி வந்தது. கவிழ்த்து வந்திருந்தது.

"பின்னாலேருந்து பாரு" என்றாள் மாஹோ.

கயோகோ எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தாளின் முதுகு வழியாகக் கோடுகள் தெரிந்தன. வலது மடிப்பு மேலே.

மாஹோ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஸ்டுடியோவில் அம்மாவின் வெளிச்ச மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். கயோகோ ஒவ்வொரு முகத்தையும் வரைந்து முடித்ததும் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பாள். முன்பக்கம் அழகாக இருக்கிற முகம் பின்பக்கம் கோணலாகத் தெரியும். ஏன் திருப்பறே என்று பிள்ளை கேட்டால், "முன்பக்கம் நம்ம கண்ணை ஏமாத்தும். திருப்பிப் பாத்தாத்தான் நெசம் தெரியும்" என்பாள். ஒரு தடவையா சொன்னாள்? தொழில் செருக்கில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். இப்போது அதை எங்கே போய்த் திரும்ப வாங்குவது?

கடைசி வாரத்துக் காட்சிகளை வரைய மாட்டேன் என்று சொல்லிவிட நினைத்தாள். சொல்லியிருந்தால் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அந்த முகத்தில் வேறொரு கை படுவதை அவளால் தாங்க முடியவில்லை. அது மட்டுமில்லை, அவளுக்கு ஒரு யோசனையும் வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம்.

முடிவுக் காட்சி முழுக்க உசாமி கேட்டபடியே வரைந்தாள். ஊதுவத்தி, போட்டோ, முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் அம்மா, குனிந்து மார்பைப் பார்க்கும் கினு. கடைசியில் கினுவின் முகமும் மார்பும் மட்டும் தெரிகிற, கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கிற ஒரே ஒரு படம். அதில் இடது மடிப்பை மேலே வைத்து வரைந்தாள். உயிரோடு இருக்கிறவர்களுக்கு வரைகிற மாதிரி. உசாமி அன்றைக்கு ஒலிப்பதிவில் இருந்தார். யாரிடமும் சொல்லாமல் அடுத்த பிரிவுக்கு அனுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவுக்கு முன் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"மாஹோ, நான் சொல்றதைக் கேளு. நாளைக்குக் கதை மனசுக்குக் கஷ்டமா இருக்கும். கதை அவங்களுது. ஆனா கடைசிப் படம் என்னுது. அதுல மடிப்பைப் பாரு. யார் என்ன சொன்னாலும், அதுதான் நான் உனக்குச் சொல்றது."

கதவை ஒரு தடவை தட்டினாள்.

"கேக்குதா?"

"நெசமாவா?" குரல் கதவுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கம் அவளும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நெசமா."

"அப்ப நானும் சொன்னது சொன்னதுதான். கதவு வரைக்கும்."

அன்று கயோகோ நிம்மதியாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை ஸ்டுடியோவில் எல்லாரும் கூடிப் பார்த்து, குடித்து, அழுகிற நாள். கயோகோ போகவில்லை. போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுக் காலையிலிருந்தே சமையலறையில் நின்றாள். மாஹோவுக்குப் பிடித்த இனிப்பு முட்டைச் சுருள், கறிக்குழம்பு, சோறு. மேசையில் இரண்டு தட்டு வைத்தாள். அதிகப்படியோ என்று தோன்றி ஒன்றை எடுத்தாள், மறுபடி வைத்தாள். மத்தியானம் மாஹோவின் அறையில் அலமாரி திறக்கிற சத்தமும் துணி உதறுகிற சத்தமும் கேட்டன.

ஐந்தரைக்குக் கூடத்து டிவியில் ஒன்று, கதவுக்குப் பின்னால் ஒன்று என இரண்டு கினுக்கள் ஒரே குரலில் பேசினார்கள். கினு வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்று "வந்துட்டேன்" என்றாள். அம்மாவின் முதுகு அசையவில்லை. ஊதுவத்திப் புகை நேராக எழுந்தது. கினு குனிந்தாள். பிறகு அந்தக் கடைசிப் படம்.

வலது மடிப்பு மேலே இருந்தது.

கயோகோ எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றாள். அவள் வரைந்த முகம்தான், அவள் கோடுகள்தான். இடப்பக்கம் பார்க்க வேண்டியவள் வலப்பக்கம் பார்த்தாள். மச்சம் மட்டும் சரியாக இடது கண்ணுக்குக் கீழே இருந்தது. பாட்டு ஆரம்பித்துப் பெயர்கள் ஓடின. போனை எடுத்தாள். காலையிலேயே ஒரு செய்தி வந்து கிடந்தது. காட்சிகளைச் சேர்க்கிற பிரிவிலிருந்து.

"இசோபே மேடம், கடைசிப் படத்துல மடிப்பை மாத்தி வரைஞ்சுட்டீங்க, நல்லவேளை கண்ணுல பட்டுச்சு. ஊரே மடிப்பைத்தான் பாத்துக்கிட்டிருக்கு, விட்டிருந்தா மானம் போயிருக்கும். திருப்பிப் போட்டுட்டோம். மச்சத்தையும் மறக்காம மாத்திட்டோம். கவலைப்படாம ஓய்வெடுங்க."

கீழே தலைகுனிந்து வணங்குகிற ஒரு குட்டிப் பூனை பொம்மை.

அப்போது கதவு திறந்தது.

மூன்று வருடம் பார்க்காத மகள் நின்றாள். முடி இடுப்புக்குக் கீழே வளர்ந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. பதினாறு வயதில் கோடைத் திருவிழாவுக்கென்று வாங்கி, போகாமலே மடித்து வைத்த நீல யுகாதாவை, கோடைக்கு உடுத்துகிற மெல்லிய பருத்திக் கிமோனோவை, உடுத்தியிருந்தாள். அதன் கை கொஞ்சம் குட்டையாகிவிட்டது. இடுப்புப் பட்டையை மெனக்கெட்டுக் கட்டியிருந்தாள். மார்பில் இடது மடிப்பு மேலே இருந்தது, ஒழுங்காக, நேர்த்தியாக.

"மாஹோ" என்று கயோகோ போனை நீட்டிக்கொண்டு ஓடினாள். "இதைப் படி. நான் சரியாத்தான் வரைஞ்சேன். அவங்கதான் திருப்பிட்டாங்க. படி கண்ணு, படிச்சுப் பாரு."

மாஹோ படித்தாள். நிதானமாக, கடைசி வரி வரைக்கும். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கயோகோ பிழைத்திருப்பாள்.

"எல்லாரும் ஒரே மாதிரிதான்மா சொல்றாங்க" என்றாள். "பள்ளிக்கூடத்துல, நெட்ல, உங்க ஆபீஸ்ல. நீ ஒருத்திதான் தப்பு தப்புங்கறே."

"நான் உன் அம்மாடி."

"அதான், உனக்குச் சொல்ல மனசு வரல."

கதவு நிலையில் நின்றபடியே பட்டையை அவிழ்த்தாள். யுகாதாவைப் பிரித்து, இடது பக்கத்தை உள்ளே கொடுத்து, வலது பக்கத்தை மேலே கொண்டுவந்தாள். கயோகோ அவள் கையைப் பிடித்தாள். மாஹோ மெதுவாக விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். மறுபடி பட்டையைக் கட்டினாள். சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

மாஹோ பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுந்தது. மேசையில் இரண்டு தட்டும் அப்படியே இருந்தன, சோறு ஆறிக்கொண்டிருந்தது.

கயோகோ கதவில் நெற்றியை வைத்தாள். படத்தில் இருக்கக் கூடாது என்று அவர்கள் எடுத்துப்போட்ட அந்த ஒரு சொல்லை இப்போது சொன்னாள்.

"வா."

இன்னொரு தடவை சொன்னாள். உள்ளே யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.